பேராவூரணியில் தெரியாத கிரகணம்

அமெரிக்காவில் இப்போது மணி என்ன என்று யாராவது என்னைக் கேட்டால் எனக்குக் கெட்ட கோபம் வரும். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர், கல்யாணப் பந்தியில் தண்ணீர் பாட்டில் வைப்பவர், ரத்தம் எடுக்க ஊசியோடு நிற்கும் லேப் பெண் என்று ஒருத்தர் பாக்கியில்லை. மகள் டல்லாஸில் இருக்கிறாள் என்று சொல்லி வாய் மூடுவதற்குள் இதைத்தான் கேட்கிறார்கள். அங்கே மணி என்னவாயிருந்தால் இவர்களுக்கென்ன? முன்பெல்லாம் "ராத்திரி" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வேன். ஆவணியில் அந்தக் கிரகணம் வந்துபோன பிறகு அதுவும் சொல்வதில்லை.

நான் ரெங்கசாமி. முப்பத்தொரு வருஷம் சர்வேயர் வேலை. பேராவூரணி பிர்க்காவில் என் சங்கிலி படாத வரப்பு கிடையாது. அண்ணனும் தம்பியும் தடியோடு நின்ற இடத்தில்கூட நான் அளந்து கல் நட்டுவிட்டால் அதற்கு மேல் பேச்சு இருக்காது. ரெங்கசாமி போட்ட கணக்கு தப்பாது என்று தாசில்தாரே நாலு பேர் எதிரில் சொல்லியிருக்கிறார். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன், இருந்துவிட்டுப் போகட்டும்.

எங்களுக்கு ஒரே பெண், மாளவிகா. வீட்டில் மாளு. மாப்பிள்ளை பரிதி. இரண்டு பேருக்கும் கம்ப்யூட்டர் வேலை. கல்யாணமாகி ஐந்து வருஷம். போன வருஷம் பங்குனியில் மூன்றாம் மாதத்திலேயே ஒன்று கலைந்துபோயிற்று. இப்போது மறுபடியும் உண்டாகியிருக்கிறாள். இருபத்தேழு வாரம். அந்த ஊரில் மாதக் கணக்கு கிடையாதாம், வாரக் கணக்குதானாம். எல்லாவற்றையும் மாற்றி வைத்திருக்கிறான்கள், இதை மட்டும் விடுவானா?

என் மனைவி செந்தாமரை அந்தப் பங்குனியிலிருந்து சரியாகவே இல்லை. "அந்த மாசம் கிரகணம் வந்துச்சுங்க. இந்தியாவுல தெரியாதுன்னு பேப்பர்ல போட்டிருந்தான். நானும் நமக்கென்னன்னு இருந்துட்டேன். அங்க தெரியும்ல? புள்ள அங்கதான இருந்துச்சு? வெளில வராதடின்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும் நான்" என்பாள். பாத்திரம் தேய்க்கும்போது சொல்வாள். படுத்துத் தூக்கம் வராமல் புரளும்போது சொல்வாள். "போடி கிறுக்கு, அதுக்கும் இதுக்கும் என்னடி சம்பந்தம்?" என்று நானும் சத்தம் போட்டுப் பார்த்தேன். சத்தம் போட்டுப் போகிற விஷயமாக இல்லை. புள்ளையை நான்தான் காவு கொடுத்தேன் என்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு திரிந்தாள்.

இந்த ஆவணியில் மறுபடி பேப்பரில் போட்டான். ஆகஸ்ட் 28, காலை 8.03 முதல் 11.22 வரை சந்திர கிரகணம், நிலவின் பெரும்பகுதி மறையும், இந்தியாவில் தெரியாது. அவ்வளவுதான் செய்தி. செந்தாமரை பேப்பரை மடித்து எடுத்துக்கொண்டு நேராகக் கோயிலுக்குப் போய்விட்டாள்.

குருக்கள், "தெரியாத ஊர்ல தோஷம் இல்லம்மா" என்றிருக்கிறார்.

"தெரியிற ஊர்ல?"

"அந்த ஊர் டைம் பார்த்து உள்ள இருந்துக்கச் சொல்லுங்கோ."

வீட்டுக்கு வந்து பேப்பரை என் முன்னால் வைத்தாள். "அவங்க டயத்துக்கு மாத்திக் குடுங்க. நீங்க போட்டாத்தான் சரியா இருக்கும்."

இங்கேதான் நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மாளு அங்கே போய் ஐந்து வருஷமாகியும் நான் அந்த மணிக்கணக்கைப் போட்டதேயில்லை. எப்போதும் அவள்தான் கூப்பிடுவாள். அவளுக்குத் தோதான நேரம் எனக்குத் தோதான நேரம் எல்லாம் அவளே பார்த்துக்கொள்வாள். பத்தரை மணி நேரம் வித்தியாசம் என்பது மட்டும் எனக்குத் தெரியும். அதைக் கூட்டுவதா கழிப்பதா?

யோசித்தேன். சூரியன் முதலில் நம் ஊரில் உதிக்கிறது, அப்புறம்தான் அங்கே போகிறது. தீபாவளிக்கு நாம் எண்ணெய் தேய்த்துக் குளித்து, பட்சணம் தின்று, வயிற்று வலி வந்து படுத்த பிறகுதான் அங்கே அவர்கள் எழுந்து எண்ணெய் தேய்க்கிறார்கள். அப்படியென்றால் நமக்கு நடப்பதுதான் பத்தரை மணி நேரம் கழித்து அவர்களுக்கு நடக்கும். எட்டு மூன்றோடு பத்தரையைக் கூட்டினேன். சாயங்காலம் ஆறு முப்பத்து மூன்று. பதினொன்று இருபத்திரண்டோடு கூட்டினேன். ராத்திரி ஒன்பது ஐம்பத்திரண்டு. பார்த்தீர்களா, நிலா இருக்கிற நேரத்துக்குக் கச்சிதமாக வந்து உட்கார்ந்தது. விடை இவ்வளவு அழகாக வந்தால் யாருக்குச் சந்தேகம் வரும்?

அப்போது தேங்காய் ஏற்ற வந்திருந்த அல்லா பிச்சை பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மகன் சார்ஜாவில் இருக்கிறான்.

"கழிக்கணும்ல சார்? நான் பையனுக்குப் போன் போடுறப்ப ஒன்றரை மணி கழிச்சுத்தான் பாப்பேன்" என்றார்.

"அது சார்ஜா கணக்குங்க பாய். அமெரிக்கா வேற" என்றேன்.

"அப்படிங்களா? நீங்க சொன்னா சரிதான்" என்று அவர் தேங்காயைப் பார்க்கப் போய்விட்டார்.

மாளுவுக்கு நானே சொன்னேன். இருபத்தெட்டாம் தேதி சாயங்காலம் ஆறரையிலிருந்து பத்து மணி வரை வாசல் தாண்டக் கூடாது, கத்தி எடுக்கக் கூடாது, எதையும் நறுக்கக் கூடாது, உடம்பைச் சொறியக் கூடாது. "சரிப்பா, குறிச்சுக்கிட்டேன். ஜன்னல் திரையெல்லாம் போட்டுட்டுப் படுத்துக்கிறேன்" என்றாள். ஒரு எதிர்க் கேள்வி இல்லை. பரிதி ஆபீஸ் வேலையாக வேறு ஊரில் இருந்தான். இருந்திருந்தால் கூகுளில் பார்த்திருப்பான். அவள் ஏன் பார்க்கவில்லை? சின்ன வயசிலிருந்து கணக்கு நோட்டை என்னிடம்தான் நீட்டுவாள். நான் டிக் போட்டால் முடிந்தது.

இருபத்தெட்டாம் தேதி காலை, மணி எட்டே முக்கால் இருக்கும். வெயில் சுள்ளென்று அடித்தது. செந்தாமரை கொல்லைப் பக்கம் துணி அலசிக்கொண்டிருந்தாள். நான் மூன்றாவது இட்லியில் இருந்தேன். மாளு வீடியோவில் வந்தாள். சுற்றிலும் இருட்டு, முகத்தில் மட்டும் போன் வெளிச்சம்.

"என்ன மாளு, தூங்கலையா?"

"நெஞ்சு எரிச்சல்பா. படுத்தா மேல ஏறி வருது. கொஞ்சம் நடங்கன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க, அதான் பின்னாடி தோட்டத்துல நடந்துக்கிட்டிருக்கேன். காத்து நல்லா இருக்கு" என்றாள். கையில் ஒரு தட்டு. ஆப்பிள் நறுக்கித் தின்றுகொண்டிருந்தாள்.

தேங்காய் விலை, பக்கத்து வீட்டுக்காரன் மதில், என் முழங்கால் எல்லாம் பேசினோம். நடுவில் அவள் மேலே பார்த்தாள். 

"அப்பா, நிலா ஒரு மாதிரி இருக்குப்பா."

"ஒரு மாதிரின்னா?"

"ஒரு பக்கம் கரிஞ்சாப்ல இருக்கு. பாதிக்குப் பாதி. இருங்க காட்டறேன்."

போனைத் திருப்பினாள். எனக்கு ஒரு வெள்ளைத் திட்டுதான் தெரிந்தது. தெருவிளக்கு என்றால் தெருவிளக்கு, நிலா என்றால் நிலா.

"மேகமா இருக்கும்டா" என்றேன்.

"மேகமே இல்லப்பா. நட்சத்திரமெல்லாம் தெரியுது." பிறகு குரல் வேறு மாதிரி வந்தது. "அப்பா, கிரகணம் நாளைக்குன்னுதான சொன்னீங்க?"

"இருபத்தெட்டுன்னு சொன்னேன்."

"இங்க இன்னைக்கு இருபத்தேழுப்பா."

இட்லித் தட்டைக் கீழே வைத்தேன். சுவரில் கடிகாரம் எட்டு ஐம்பத்தைந்து. காலண்டரில் இருபத்தெட்டு. அவளுக்கு இருபத்தேழு ராத்திரி. எனக்கு இருபத்தெட்டு காலை. கிரகணம் எட்டு மூன்றுக்குத் தொடங்கி நடந்துகொண்டிருக்கிறது. எங்கே நடக்கிறது? நான் வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்தேன். வெயில் கண்ணைக் குத்தியது. நிலா எங்கே இருக்கிறது? இங்கே இல்லை. அங்கே இருக்கிறது. என் காலுக்குக் கீழே, பூமிக்கு அந்தப் பக்கம், என் மகள் தலைக்கு மேலே. அப்படியானால் இது இப்போதுதான், இரண்டு பேருக்கும் இதே இப்போதுதான். பத்தரை மணி நேரம் கழித்து அங்கே வர, இது என்ன பட்டுக்கோட்டை பஸ்ஸா? நம் கடிகாரம் ஒன்று சொல்கிறது, அவர்கள் கடிகாரம் ஒன்று சொல்கிறது, நிழல் மட்டும் ஒன்றே ஒன்று. கழித்திருக்க வேண்டும். அல்லா பிச்சை சொன்னார். கழித்திருக்க வேண்டும்!

"உள்ள போ! மாளு, மொதல்ல உள்ள போ!" என்று கத்தினேன்.

அவள் போகவில்லை. "இப்பப் போயி என்னப்பா ஆவப்போவுது? ஒரு மணி நேரமா வெளிலதான் நிக்கிறேன்." தட்டைப் பார்த்தாள். "ஆப்பிள் நறுக்கினேன்பா. கத்தியால நறுக்கினேன்."

"ஆப்பிள்தான? அதெல்லாம் ஒண்ணும் ஆவாது."

"நீங்கதான கத்தி எடுக்கக் கூடாதுன்னீங்க!"

ஆமாம், நான்தான் சொன்னேன். எனக்கு அதில் நம்பிக்கை உண்டா இல்லையா என்று அதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டுக்கொண்டதில்லை. செந்தாமரை சொல்லச் சொன்னாள், சொன்னேன். இப்போது நம்பினால் மகள் தலையில் மண்ணைப் போட்டவன் நான். நம்பாவிட்டால் இத்தனை நாள் அவளுக்குப் பயத்தை ஊட்டியவன் நான். எந்தப் பக்கம் போனாலும் நான்தான் மாட்டிக்கொள்கிறேன்.

மாளு அழ ஆரம்பித்தாள். சத்தமில்லாமல் அழுதாள், போன் மட்டும் ஆடியது.

"அப்பா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். அம்மாகிட்ட சொல்லக் கூடாது."

"சொல்லுடா."

"போன வருசம் மார்ச்சுல ஒரு கிரகணம் வந்துச்சுல்ல? நானும் பரிதியும் இதே தோட்டத்துல பாய விரிச்சுப் படுத்துப் பாத்தோம்பா. நிலா செவப்பா, அவ்வளவு அழகா இருந்துச்சு. ஒரு மணி நேரம் பாத்தோம். சரியா பதினோராம் நாள் கலைஞ்சு போச்சு. நான் யார்கிட்டயும் சொல்லல. பரிதி சிரிப்பாரு. அம்மா செத்தே போயிரும். அதனாலதானாப்பா?"

நான் வாயைத் திறந்தேன். முப்பத்தொரு வருஷம் எத்தனையோ பேர் எல்லையில் நின்று "சொல்லுங்க சார், யார் பக்கம்?" என்று கேட்டிருக்கிறார்கள். ஒருநாளும் நாக்கு இப்படி ஒட்டிக்கொண்டதில்லை. "அது வந்து" என்றேன்.

பின்னால் சொட்டுச் சொட்டென்று தண்ணீர் விழும் சத்தம் கேட்டுத் திரும்பினேன். செந்தாமரை நின்றுகொண்டிருந்தாள். கையில் பிழியாத துண்டு. எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ தெரியவில்லை, தரையில் தண்ணீர் நன்றாகத் தேங்கியிருந்தது. அவள் முகத்தை நான் விவரிக்க மாட்டேன். ஒன்றரை வருஷமாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்ததை மகள் வாயாலேயே கேட்டுவிட்டாள். முடிந்தது, விழப்போகிறாள் என்று நினைத்து நான் பாதி எழுந்துவிட்டேன்.

அவள் துண்டை என் தோளில் போட்டாள். ஈரக் கையோடு போனைப் பிடுங்கினாள்.

"அடியே கூறுகெட்டவளே! எதுக்குடி இப்ப அழுவுற?" என்றாள். அப்படியொரு குரல். சந்தையில் பேரம் பேசுகிற குரல்.

"அம்மா..." என்றாள் மாளு.

"கிரகணம் பாத்தா புள்ள கலையுமா? யாருடி சொன்னா உனக்கு?"

"நீதானம்மா..."

"நான் ஆயிரம் சொல்லுவேன். ஊரு சொல்லுது, நானும் சொல்றேன். நீ வயித்துல இருந்தப்ப நான் என்ன பண்ணேன்னு தெரியுமா? தொண்ணூத்தி மூணு வைகாசி. நீ ஆறு மாசம். எங்கம்மா வீட்டுல இருக்கேன். சாயந்தரம் கிரகணத்தோடயே நிலா கெளம்புது. பாத்து அந்தச் சிவலப் பசு கயித்த அறுத்துக்கிட்டு ஓடுது. வீட்டுல ஆம்பள ஒருத்தரும் இல்ல. நான்தான் ஓடினேன். வாய்க்கா வரைக்கும் ஓடினேன். கையில அருவா வேற, புல்லறுத்துக்கிட்டு இருந்தேன்ல. மாட்டப் புடிச்சுக் கட்டிட்டு மேல மூச்சு கீழ மூச்சு வாங்க நிமிந்து பாக்குறேன், நிலா அப்படியே செம்புத் தவலை கெணக்கா நிக்குது. பாத்துக்கிட்டே நின்னேன். முழுசாப் பாத்தேன்டி. சொறிஞ்சுக்கிட்டுகூட இருந்தேன், ஒரே கொசு."

மாளு மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள். "நெசமாவாம்மா?"

"உன் ஒதடு பொளந்திருக்கா? காது கோணலா இருக்கா? வாய் மட்டும்தான் கொஞ்சம் நீளம். அது உங்கப்பா வீட்டுச் சீரு."

மகள் அழுகையோடு சிரித்துவிட்டாள். "அப்பாவுக்குத் தெரியுமா?"

"அவருக்கு எதுதான் தெரியும்? கூட்டல் கழித்தலே தெரியல."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அந்த நேரத்தில் அவள் என்னை நாலு அறை அறைந்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"போன வருசத்து விசயம் உன்னாலயும் இல்ல, நிலாவாலயும் இல்ல" என்றாள் செந்தாமரை. இப்போது குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "தங்க வேண்டியது தங்கல, அவ்வளவுதான். உனக்குக் குத்தம் ஒண்ணும் கெடையாது. கேட்டியா? ஒண்ணும் கெடையாது. உள்ள போயி ஒரு சேர் எடுத்துட்டு வந்து ஒக்காரு. கால் வலிக்கும். ஒக்காந்து எனக்கும் காட்டு."

மாளு நாற்காலி கொண்டுவந்து போட்டு உட்கார்ந்தாள். போனை மேலே பிடித்தாள். நாங்கள் இரண்டு பேரும் சமையலறை வாசலில் தரையில் உட்கார்ந்து, வெயில் திரையில் படாமல் துண்டைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு பார்த்தோம். முதலில் அந்த வெள்ளைத் திட்டுதான். நேரம் ஆக ஆகத் திட்டு சுருங்கியது. வெளிச்சம் குறைந்த பிறகுதான் போனில் நிலா நிலாவாகத் தெரிந்தது. ஒன்பதே முக்கால் ஆகும்போது ஓரத்தில் நகக்கீற்று அளவுக்கு மட்டும் பளிச்சென்று மிச்சம் இருந்தது. மற்றதெல்லாம் பழுப்பும் சிவப்புமாக மங்கி நின்றது. முழுசாக மூடும் என்று காத்திருந்தேன். மூடவில்லை. அந்தக் கீற்று அப்படியே இருந்தது.

"ஒதைக்குதும்மா" என்றாள் மாளு திடீரென்று.

"எங்க?"

"எடது பக்கம். ரெண்டு தடவ."

"வேடிக்க பாக்கணும்னு முண்டுது. நல்லாப் பாக்கட்டும்" என்றாள் செந்தாமரை.

பத்தரை மணிக்கு மேல், அங்கே நடுநிசியில், நெஞ்செரிச்சல் இறங்கிவிட்டது, தூக்கம் வருகிறது என்று மாளு உள்ளே போனாள். கதவைப் பூட்டும் சத்தம் கேட்டது. "குட்நைட்மா, குட்நைட்பா, தப்புக் கணக்கு மன்னன்" என்று சிரித்துக்கொண்டே வைத்தாள்.

எனக்கு ஒரே குழப்பம். தொண்ணூற்று மூன்றில் நான் பட்டுக்கோட்டையில் ரீசர்வே வேலையில் இருந்தேன், வாரம் ஒருமுறைதான் வருவேன். அந்த வைகாசியில் என்ன நடந்தது என்று எனக்குச் சொன்னவர் மாமியார். கிரகணத்தன்று மத்தியானம் மூன்று மணிக்கே பெண்ணை நெல் மூட்டை அறையில் வைத்துக் கதவைச் சாத்தி, வெளியே தானே காவல் உட்கார்ந்ததாகச் சொன்னார். ஒன்றுக்குப் போகக்கூட விடவில்லை என்று பெருமையாக வேறு சொன்னார். அப்படியானால் மாடு எப்போது ஓடியது? ஒருவேளை மாமியார் எனக்குப் பயந்து பொய் சொன்னாரா? அந்த வீட்டில் சிவலைப் பசு இருந்தது உண்மை. வாய்க்கால் இருந்தது உண்மை. கொசுவும் உண்மை. கர்ப்பிணி கையில் அரிவாளோடு வரப்பில் ஓடுவது என் கண்ணில் அப்படியே தெரிகிறது. நான் பார்த்த மாதிரியே தெரிகிறது.

செந்தாமரை இன்னும் தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். கையில் போன் அணைந்திருந்தது. சந்தைக் குரல் போன இடம் தெரியவில்லை. கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்து, கடைசியில் கேட்டேவிட்டேன்.

"தாமரை, அந்த மாட்டு விசயம்..."

அவள் என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"ஏங்க, அவ நம்பிட்டாள்ல?"

"நானே நம்பிட்டேன்டி" என்றேன்.